மாற்றுத்திறன் குழந்தைகளின் வீட்டாருக்கான உதவிகள் ஏன் இத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கின்றன?

என் அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். அவனுக்கு நான்கு வயதானதிலிருந்து அக்கா வாரத்தில் இரண்டு நாள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, பிசியோதெரபிக்குப் போய்வந்தாள். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் தெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்: "ஏங்க, பையன் பேரு பி.ஆர்.சி.ல இருக்குல்ல?"

அக்காவுக்கு அந்தப் பெயரே புதிது. பி.ஆர்.சி. என்றால் வட்டார வள மையம். பள்ளிக் கல்வித் துறையின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருப்பது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே குறிப்பிட்ட நாட்களில் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வருகிறார், சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், ஒரு பைசா செலவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவனைப் பார்த்த மருத்துவர்களும் சரி, அடையாள அட்டை தந்த அலுவலகமும் சரி, பக்கத்துத் தெரு அங்கன்வாடியும் சரி, ஒருவரும் இதைச் சொல்லவில்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அது அவர்களுடைய துறை இல்லை. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவிகள் இல்லாமல் இல்லை. பட்டியல் போட்டால் நீளமாகவே வரும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று குடும்பம் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைக்கு மிகவும் பயன்படக்கூடிய வயது கடந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் என்று தமிழ்நாட்டில் பதிவானவர்கள் சுமார் 11.8 லட்சம் பேர். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர், பெரும்பாலும் அம்மா, இதே தேடலை முதலிலிருந்து தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

இந்தச் சிதறலுக்குக் காரணம் இந்த உதவிகள் பிறந்த வரிசை. 1995-இல் வந்த முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம் அதில் இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர் 'எங்கள் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும்' என்று தொடர்ந்து கேட்டதன் பலனாக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனியாக வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மட்டுமானது அது. அப்புறம் அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்தபோது, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கென்று கல்வித் துறையிலேயே ஒரு பிரிவு உருவானது. தமிழக அரசு 2010-இல் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித் துறை அமைத்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல் அரசுக் காகிதங்களிலிருந்து போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததும் அந்தக் காலத்தில்தான். 2013-இல் தேசிய சிறார் நலத் திட்டம் சுகாதாரத் துறையில் வந்தது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்து ஏழு வகையை 21 ஆக்கியது. ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் அதன் பிறகுதான் கணக்கில் வந்தன.

இவை ஒவ்வொன்றும் ஒரு துறையின் பணத்தில் ஓடுகிறது. படிவம் தனி, பதிவேடு தனி, மேலதிகாரி தனி. பிள்ளை ஒருவன்தான், ஆனால் அவனைப் பற்றிய கோப்புகள் ஐந்து அலுவலகங்களில் இருக்கின்றன. அந்த ஐந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் தட்டத்தான் வேண்டும். எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

முதலில், பயிற்சி. நான் எங்கே போனாலும் அழுத்திச் சொல்வது இதைத்தான்: மாற்றுத்திறன் சான்றிதழுக்காகக் காத்திருந்து தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை எட்டு மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தோன்றினால் அன்றைக்கே கிளம்ப வேண்டியது ஒரு வளர்ச்சிப் பரிசோதனைக்கு. அதற்கு அடையாள அட்டை வேண்டாம், குறைபாடு எத்தனை சதவீதம் என்ற கணக்கு வேண்டாம், நோயின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலில் கழியும் ஒரு வருடம் திரும்பி வராது. மூளை வேகமாக வளரும் முதல் ஆறு வருடத்தில், அதிலும் முதல் மூன்று வருடத்தில் கொடுக்கும் பயிற்சிக்கு உள்ள பலன் பிற்பாடு கொடுப்பதற்கு இல்லை.

இதற்கான அரசுக் கதவு சுகாதாரத் துறையில் இருக்கிறது. சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போய், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் பிள்ளைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்த மையம் இருக்கிறது. தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம், "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் ஏற்பாடு. எல்லா மையத்திலும் எல்லா இடங்களும் நிரம்பியிருப்பதில்லை. என்றாலும் முதல் மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல இடம் பெரும்பாலான மாவட்டங்களில் கிடையாது. குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பெற்றோர் நேராகவே போகலாம். அக்கா மகன் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படி ஒன்று இல்லை. இப்போது இருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியார் கிளினிக்குகளுக்கு அலைபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

காது கேளாத குழந்தைக்கு அவசரம் இன்னும் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் பிள்ளை ஆறு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வெளிச் சந்தையில் இதற்கு லட்சக்கணக்கில் ஆகும். கருவி பொருத்துவது பாதி வேலைதான், அதன்பின் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்தால்தான் பிள்ளை கேட்டதைப் புரிந்துகொள்ளும்.

தமிழ்நாட்டின் நல்ல நிறுவனங்கள் பலவற்றில் ஒரு பொதுவான பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். அவை பிள்ளைக்குப் பயிற்சி தருவதைவிட அம்மாவுக்குப் பயிற்சி தருவதை முக்கியமாக நினைக்கின்றன. சென்னையில் 1969-இல் தொடங்கிய பாலவித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளைப் பேச வைக்கும் பள்ளி. அங்கே அம்மாவும் கூடவே வகுப்பில் உட்கார வேண்டும். தியாகராய நகரில் 1989 முதல் நடக்கும் மதுரம் நாராயணன் மையம் அறிவுசார் வளர்ச்சியில் பின்தங்கிய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது, அங்கும் இதே முறைதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நம்பிக்கை நிலையத்தில் குடும்பம் பிள்ளையோடு சில வாரங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறது. இதற்கான காரணம் எளிமையானது. தெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு மணி நேரம் பார்ப்பார், மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் எப்படிப் பிடிப்பது, எப்படி உட்கார வைப்பது என்று தெரிந்த அம்மா நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தவர் ஆகிறார். இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. எல்லா இடத்திலும் 'அம்மா' என்றே எழுதியிருக்கிறது, அப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் மாமா தானாகவே போய் உட்கார்ந்தார். அதனால்தான் அக்காவால் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் தேசிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் கிடைப்பது அங்கே பெரிய வசதி. கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் 1985-இல் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அதைத் தொடங்கிய பூனம் நடராஜன் தானே அப்படி ஒரு மகனுக்குத் தாய். பின்னாளில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படப்பலகை, எழுத்துப்பலகை வழியாகப் பேசக் கற்றுக்கொடுப்பதில் அவர்கள் முன்னோடி. தெற்கே தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டு வாசலுக்கே தெரபியைக் கொண்டுபோகும் அவர்களின் முறை, பேருந்துச் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது.

பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலை சான்றிதழும் அடையாள அட்டையும். 2021 ஜூன் முதல் நாடு முழுக்க மருத்துவச் சான்றிதழைத் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளம் வழியாகத்தான் தருகிறார்கள். யு.டி.ஐ.டி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சுவாவ்லம்பன் தளத்தில் தாங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் பதியலாம். பிறகு அரசு மருத்துவமனையிலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் நடத்தும் முகாமிலோ மருத்துவர்கள் பார்த்துச் சதவீதம் குறிப்பார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். 2024-இல் திருத்திய விதிகளின்படி அட்டைக்கு நிறமும் உண்டு: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், சில வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை நினைத்துப் பல பெற்றோர் மனசு நொந்துபோகிறார்கள். வளரும் பிள்ளையின் நிலை மாறும் என்பதால் வைத்த ஏற்பாடு அது. காலாவதியாகும் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அது தாண்டினால் உதவித்தொகை நின்றுவிடலாம். முகாமுக்குப் போகும்போது பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி முதல் கடைசி ஸ்கேன் வரை எல்லாம் கையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு நீலக் கோப்பு உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். வெள்ளம் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான் என்று அக்கா சொல்வாள்.

சில வீடுகளில் அட்டை வாங்கவே தயக்கம். "அட்டை வாங்கிட்டா அவனுக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா", "நாளைக்கு தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சிக்கலாயிடுமே" என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஊர் பேசுவது அவர்களைத்தானே. ஆனால் அட்டையை யாரிடமும் காட்டாமல் பீரோவில் வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இல்லாத அட்டையைத் தேவைப்படும் நாளில் கொண்டுவர முடியாது.

பண உதவிக்கு வருவோம். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பொதுவாக இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் இதற்கான கதவு. அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் குறைபாடு, தசைச்சிதைவு உள்ளிட்ட சில வகையினருக்குத் தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். எல்லா வகைக்கும் 40 சதவீதம் போதாது. கடுமையான உடல் குறைபாட்டுக்கு 75 சதவீதம் கேட்கிறார்கள். வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம் வேறு. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நல அலுவலகத்தில் போய் விசாரிப்பவர்களையும், அதற்கு எதிர்மாறாகச் செய்பவர்களையும் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். எந்தப் பணத்துக்கு மனு கொடுத்தீர்கள் என்று ஒப்புகைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மனு கொடுத்த மறுமாதமே பணம் வந்துவிடாது, காத்திருக்க நேரும். மாதங்கள் நீண்டுகொண்டே போனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேராக மனு கொடுங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு, பதில் சொல்லியாக வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று நிராமயா. தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு இது, மேலே சொன்ன நான்கு வகையினருக்கும் உரியது. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சாதாரணக் காப்பீட்டு நிறுவனங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரைக் கேட்டதும் கையை விரிக்கும் இடத்தில், இது முன்கூட்டிப் பரிசோதனை எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறது. மருத்துவமனையில் படுத்தால் மட்டும் என்றில்லை, தொடர்ந்து கொடுக்கும் தெரபிச் செலவிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிப்பது சுலபம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

போக்குவரத்து விஷயத்தில் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. 2021 ஜூலை முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ரயிலில் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்கு வருபவருக்கும் சாதாரண வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை. வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். அரசு வேலையில் இருக்கும் அம்மாக்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பைப் பற்றிக் கேட்டுப்பார்க்க வேண்டும். ஒன்றிய அரசில் இது மொத்தம் 730 நாள், மாற்றுத்திறன் பிள்ளை என்றால் வயது வரம்பு கிடையாது. எல்லா மாநில அரசுகளிலும் அப்படியில்லை. 2024 ஏப்ரலில் ஹிமாச்சலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மாற்றுத்திறன் பிள்ளைகளின் தாய்மார்களுக்கான விடுப்பு பற்றி அந்த மாநில அரசு மறுபடி யோசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பள்ளிக்கூடம் தனிக் கதை. சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள சாதாரணப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எது என்பதைக் குடும்பமும் பிள்ளையும் தீர்மானிக்கலாம், பள்ளி தீர்மானிக்க முடியாது. "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லைங்க, வேற எடம் பாருங்க" என்று ஒரு பள்ளியில் அக்காவிடமும் சொன்னார்கள். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டபோது பேச்சு மாறியது. அப்படியும் மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களிலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகள் சேர்கிறார்கள்.

வட்டார வள மையம் செய்யும் வேலையில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது வீட்டுவழிப் பயிற்சி. எழுந்து வர முடியாத பிள்ளையின் வீட்டுக்கே சிறப்புப் பயிற்றுநர் போகிறார். பிள்ளையின் பெயர் அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். அதனால் சீருடை, பாடப்புத்தகம் எல்லாம் வரும். ஒருநாள் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அவனோடு பாடிவிட்டுப் போனார்கள். வருடத்துக்கு ஒரு முறை மருத்துவ முகாம் நடத்தி சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, கால் தாங்கி போன்றவற்றுக்கு அளவெடுக்கிறார்கள். மாற்றுத்திறன் பெண்பிள்ளைகளுக்குப் பத்து மாதம் வரை மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. துணைக்கு வருபவருக்கும் பயணப்படிக்கு வழி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள்.

ஆனால் இந்தப் பயிற்றுநர்களின் நிலை நன்றாக இல்லை. வருடக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவர் தலையில் பல ஊர்கள். உச்ச நீதிமன்றம் 2021-இல், தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. 2025 மார்ச்சில் இடங்களை உடனே அறிவித்து நிரப்பச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டது. இதற்கிடையில் 2024–25-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் ஒன்றிய அரசிடம் நின்றுபோனது. இந்தப் பிள்ளைகளின் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் தருவதும் இதே திட்டம்தான். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் நடக்கும் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், இந்தப் பிள்ளைகளின் பங்கை அதில் பணயம் வைக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், சில வகையினருக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின மாதம் ஓடினால் நடக்காது. ஜூன் மாதமே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சிதறலை அரசும் உணர்ந்திருக்கிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். முதலாவது 2024-இல் சோழிங்கநல்லூரில் வந்தது. தெரபி, மதிப்பீடு, திட்டங்களுக்கான வழிகாட்டல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது எண்ணம். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கவும் ஆள் போட்டிருக்கிறார்கள். குடும்பம் உதவியைத் தேடி ஓடுவது போய் உதவி குடும்பத்தைத் தேடி வர வேண்டும் என்று நினைத்ததே பெரிய மாற்றம். உங்கள் பக்கத்தில் மையம் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். இல்லாவிட்டால் அந்த பெஞ்ச்தான்.

பெஞ்ச் என்று நான் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த தகவலில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். எந்த நாள் முகாமில் கூட்டம் குறைவு, எந்த மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் விடுப்பில் இருக்கிறார், கால் தாங்கி கிழிந்தால் யார் தைத்துத் தருவார் என்பதெல்லாம் எந்த அரசாணையிலும் இருக்காது. இப்போது அந்த பெஞ்ச் வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதே குழுக்களில் "மூன்று மாதத்தில் ஆட்டிசம் குணமாகும்" என்று விளம்பரங்களும் வருகின்றன. ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். யாராவது முன்பணம் கேட்டால், வேறு ஒரு மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் உடம்பையும் மனசையும் பற்றி எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. தூக்கம் வராத வருடங்களும் இருந்தன. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல உதவி இரவு பகலாகத் தமிழிலும் கிடைக்கிறது. பேசுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைப் பாதுகாப்பாகச் சில நாள் விட்டுவிட்டு ஓய்வெடுக்க இடம்தான் மிகவும் குறைவு. ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போய்வர ஆள் இல்லாத வீடு எத்தனை! மற்ற எதையும்விட இதில்தான் அரசு இன்னும் வெகுதூரம் வர வேண்டியிருக்கிறது.

பிள்ளைக்கு 18 வயது நெருங்கும்போது புதிதாக ஒரு கேள்வி வரும். அதுவரை பெற்றோர் இயல்பாகவே காப்பாளர். 18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தனி மனிதர். தானாக முடிவெடுக்க இயலாத நிலை என்றால், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளருக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரே விண்ணப்பிக்கலாம், உடன்பிறந்தவரும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் ஏற வேண்டாம். அரசு ஊழியரின் வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்கக் கிடைக்கும். பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் நிலையையும் பதிந்துவிட்டால் பின்னால் யாரும் அலைய வேண்டியிராது.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் காப்பாளர் தேவையில்லை. 2016 சட்டம் இதில் முந்தைய பார்வையிலிருந்து விலகியிருக்கிறது. அந்த நபரோடு கலந்து பேசி, குறிப்பிட்ட ஒரு முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும் துணை நிற்பதைத்தான் அது முதன்மையாக வைக்கிறது. மூளை முடக்குவாதம் என்றாலே அறிவிலும் குறை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் காப்பாளர் கேட்பது, அவன் கையெழுத்தை நாமே பிடுங்கிக்கொள்வது போலாகும்.

அக்கா மகனுக்கு இப்போது 17. வாய்ப்பேச்சு வெளியாளுக்குப் புரியாது, எழுத்துப்பலகையில் விரலால் தொட்டுத்தான் பேசுகிறான். காப்பாளருக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று போன மாதம் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அவனிடமே கேட்டுவிடலாமே என்று மாமா சொன்னார். அவன் பலகையை இழுத்து, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான். ஏ.டி.எம். கார்டு தன் பெயரில் வேண்டுமாம்.